பிடிபட்ட கிளிகளை மறுநாளே பறக்கவிட்டால் என்ன?

"கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த பச்சைக்கிளிகளை மறுநாளே காட்டில் விட்டுவிட வேண்டியதுதானே? மீட்பு மையம் என்ற பெயரில் மாதக்கணக்கில் கூண்டில் வைப்பதும் சிறைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் அப்படியொரு மையத்தில் தன்னார்வலராகக் கிளிகளுக்குத் தீனி வைத்துவருகிறேன். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பிடிபட்டு வருகிற கிளிகளில் பெரும்பாலானவை பறக்கும் நிலையிலேயே இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் பச்சைக்கிளி குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. மொட்டைப் பனை, பட்டுப்போன தென்னை, பழைய கட்டடத்தின் சுவர்ப்பொந்து என்று இடம் பார்த்து மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடும். குஞ்சு பொந்தைவிட்டுப் பறக்க ஏறக்குறைய ஏழு வாரமாகும். அதுவரை காத்திருக்க வியாபாரிக்குப் பொறுமை கிடையாது. இறகு முளைக்கும் முன்பே எடுத்தால்தான் கையில் பழகும், பேசும் என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள். ஆகவே துணி சுற்றிய கூடையைப் பிரித்தால், பாதி முள்ளிறகும் பாதி வெறுந்தோலுமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் குஞ்சுகள்தான் இருக்கும். எந்த ஊர், எந்த மரம் என்று பிடிபட்டவன் சொல்லப்போவதில்லை. சொன்னாலும், குஞ்சை எடுக்கப் பொந்தையே வெட்டித் திறந்திருப்பார்கள்.

கூடை வந்த இரவு தூக்கம் கிடையாது. தீனி மாவை வெந்நீரில் கூழாகக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஊட்டுவோம். கூழின் சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஆறிப்போனால், தொண்டைக்குக் கீழே இரை தங்கும் பையில் செரிக்காமல் புளித்துவிடும். சூடு கூடினால் அந்தப் பையே வெந்து ஓட்டை விழும். மெல்லிய தோல் என்பதால் கூழ் இறங்கிப் பை உப்புவது வெளியிலேயே தெரியும்; உப்பியதும் நிறுத்திவிட வேண்டும். வாயைப் பிளந்து கத்துகிறதே என்று இரங்கி மேலும் ஊட்டினால் கூழ் மூச்சுக்குழலில் ஏறிவிடும், அவ்வளவுதான். இதை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடையில் உள்ள ஒவ்வொரு குஞ்சுக்கும் செய்ய வேண்டும்.

வளர்ந்த கிளிகளின் சங்கதி வேறு. அவற்றின் சிறகைக் கத்தரித்திருப்பார்கள். வெட்டிய இறகு நம் நகம்போல வளர்ந்துவிடாது. மிச்சமிருக்கும் தண்டு தானாக உதிர்ந்து, அந்த இடத்தில் புதிது முளைக்க வேண்டும். பச்சைக்கிளி ஆண்டுக்கு ஒருமுறைதான் இறகு உதிர்க்கும். தண்டைப் பிடுங்கிவிட்டால் சீக்கிரம் முளைக்குமே என்று புதிதாக வருகிற தன்னார்வலர்கள் கேட்பார்கள். முளைக்கும்தான், ஆனால் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது, வேர் சிதைந்தால் அங்கே இறகே வராமல் போய்விடும். எங்கள் கால்நடை மருத்துவர் அதற்கு எளிதில் சம்மதிக்கமாட்டார். போதாக்குறைக்கு, அரிசியும் மிளகாயுமே தின்று வளர்ந்த கிளியின் இறகுகளில் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடும். இறகு முளைத்த காலத்தில் சத்தில்லாமல் கிடந்ததன் அடையாளம் அது. வேகமாகச் சிறகடிக்கும்போது அந்தக் கோட்டில்தான் இறகு முறியும்.

ஜோசியக் கிளிகளைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். கதவைத் திறந்தால் வெளியே வரும். நாலு எட்டு நடக்கும். தரையில் விரித்த காகிதத்தின் ஓரத்தை அலகால் இழுத்துப் போடும். நெல்லுக்காகத் தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கும். பிறகு தானே கூண்டுக்குள் போய்விடும். கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். (ஜோசியக்காரரைத் திட்டுவது சுலபம். அவருக்குக் கிளி விற்ற ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு.)

நோயும் இருக்கிறது. பல ஊர்க் கிளிகளை ஒரே கூடையில் அடைத்துக் கொண்டுவருவதால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றி நுரையீரலைப் பாதிக்கும். அலகையும் இறகையும் உருக்குலைக்கும் வைரஸ் ஒன்றுண்டு. அதற்கு இன்றுவரை மருந்து இல்லை. அப்படிப்பட்ட ஒரு கிளியை, மாலையில் நூற்றுக்கணக்கில் வந்தடையும் மரத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பதும் விற்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பறிமுதலான கிளி வழக்குச் சொத்து என்பதால் விடுவிக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இறகு முளைத்த பிறகும் காகிதத்துக்காகக் காத்திருக்கும் கிளிகள் உண்டு. அந்த அளவுக்கு மட்டும் 'சிறை' என்ற உங்கள் சொல்லை ஒப்புக்கொள்கிறேன்.

தானாகத் தின்னத் தொடங்கியதும் குஞ்சுகளிடம் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். ஊட்டி வளர்த்தவர்களுக்கு அது எளிதல்ல. தட்டில் வைப்பதை நிறுத்தி, கம்பங்கதிரையும் கொடுக்காப்புளிக் கொத்தையும் கிளையோடு உயரத்தில் கட்டுவோம். தொங்கிக்கொண்டு உரித்துத் தின்னப் பழக வேண்டும் அல்லவா? நீளமான வலைக்கூண்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இளைக்காமல் பறக்க வேண்டும். வல்லூறு தலைக்குமேல் போனால் அசையாமல் அடங்க வேண்டும். மனிதரைக் கண்டால் கத்திக்கொண்டு விலக வேண்டும். தோளில் வந்து உட்காருகிற கிளியை விடுவிக்க மாட்டோம். வெளியே போனால் அடுத்த வீட்டு மாடியில் இறங்கி மறுபடி கூண்டுக்குள் போய்விடும்.

விடுவிப்பதும் கூட்டமாகத்தான். காட்டுக் கிளிகள் வந்துபோகும் இடத்திலேயே கூண்டை அமைத்து, சில வாரம் பழகவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து வைப்போம். தீனி வைப்பதை நிறுத்துவதில்லை. சில கிளிகள் உடனே போய்விடும், சில நாள்கணக்கில் வந்துவந்து தின்றுவிட்டுப் போகும். தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளிகளை இப்படி இங்கேயே விட முடியாது. அவை பெரும்பாலும் வட, மத்திய இந்தியக் காடுகளில் குஞ்சாக எடுக்கப்பட்டவை. அந்தந்த மாநிலத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, பாவம் பார்த்துச் சந்தையில் கிளி வாங்கிப் பறக்கவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். நீங்கள் கொடுத்த பணத்தில் அடுத்த கூடை வந்து இறங்கும். வீட்டில் ஏற்கெனவே கிளி இருந்தால் மொட்டைமாடியில் திறந்துவிடாமல் வனத்துறையிடம் கூண்டோடு ஒப்படையுங்கள். இதுவரை என்ன தின்று பழகியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி. புதுத் தீனிக்கு மாற்றுவதை அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.