எத்தனை தரம் கேட்டால் மன்னிப்பு கிடைக்கும்?

அன்பின் மெடம்,

எனக்கு வயது 43. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கணவரோடும் மகளோடும் இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிற குடும்பம்.

இந்த வருஷம் லெந்து எனும் தவக்கால நாட்களில் எங்கள் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் “மனந்திரும்புங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது” என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். “இன்றிரவு ஆண்டவர் வந்தால் நீ எங்கே நிற்பாய்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தம் எங்கள் ஆராதனைக்குள் கேட்டது. காலையில் வீட்டிலிருந்து நடந்து போன சனம் திரும்பி வரவில்லை. அதனால் “இன்றிரவு” என்ற சொல்லை நான் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மகள் படுத்த பிறகு முழங்காலில் நின்று பாவ அறிக்கை செய்கிறேன். நடுவில் வேறு நினைவு வந்தால் அது செல்லாது என்று தோன்றும், முதலிலிருந்து தொடங்குவேன். சில நாள் இரவு 2 மணியாகிவிடும். மனந்திரும்புகிறவர்கள் முன்னுக்கு வாருங்கள் என்று சபையில் அழைப்புக் கொடுக்கும் போதெல்லாம் போகிறேன், இப்போது மற்றவர்கள் பார்க்கிறார்கள். கடையில் கூட்டல் போடும்போது ஆண்டவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனதில் வரும். உடனே துணி அடுக்கி வைத்திருக்கும் பின்னறைக்குப் போய் மன்னிப்புக் கேட்பேன். மன்னிப்பே இல்லை என்று வேதம் சொல்லுகிற, பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் இதுதானோ என்று பயம். பாஸ்டருக்கு போன் எடுத்தால் ஜெபம் பண்ணுவார், பின்னேரம் வரை சமாதானமாக இருக்கும், பிறகு பழையபடிதான். “நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா?” என்று கணவரிடம் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துப் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 தை மாதம் கட்டாரில் இருக்கும் தம்பி, அம்மாவின் இரண்டு கண்ணுக்கும் ஒப்பரேஷன் செய்ய மூன்று இலட்சம் அனுப்பினான். அதில் 1,80,000 எடுத்து வீட்டு அட்வான்ஸ் கட்டினேன். ஒரு கண் செய்தோம். மற்றதற்குக் காசு சேர்க்க முதல் கொரோனா வந்துவிட்டது. தம்பி கேட்டபோது இரண்டும் முடிந்தது என்றேன். அம்மாவும் போனை வாங்கி “ஓம் மகன், நல்லாத் தெரியுது” என்று சொன்னா. 2023 இல் அம்மா ஒரு கண்ணோடேயே போய்விட்டா. தம்பிக்கு இன்றுவரை தெரியாது. கணவருக்கும் அந்தக் காசு கடன் வாங்கியது என்றுதான் தெரியும்.

எத்தனை தரம் கேட்டால் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரியும்?

— பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ஜெபத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கண்ணைப் பற்றிச் சில வரிகள்தான், அதுவும் கடைசியில். எனக்கு அந்த வரிகள்தான் மனதில் நிற்கின்றன.

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஒன்று வருத்தம், அதாவது நோய்; மற்றது கடன். வருத்தத்துக்கு வைத்தியம் இருக்கிறது. கடனைக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

முதலில் வருத்தம். திரும்பத் திரும்பத் தொடங்கும் ஜெபம், வேண்டாத வார்த்தை மனதில் பாய்வது, இரட்சிப்பு நிச்சயமா என்று ஆள் ஆளாகக் கேட்பது எல்லாம் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் அடையாளங்கள். சிலருக்கு அது கை கழுவுவதில் வரும், பக்தியுள்ளவர்களுக்குப் பாவத்தில் வரும். கடிதத்தை வைத்து நான் நோயை முடிவு செய்ய முடியாது, வைத்தியர்தான் நேரில் பார்க்க வேண்டும். ஆனால் அது எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். பயம் வருகிறது, மன்னிப்புக் கேட்கிறீர்கள், கொஞ்ச நேரம் ஆறுதல். “கேட்டதால்தான் தப்பினேன்” என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் பலமாகக் கேட்கச் சொல்கிறது. பாஸ்டரின் ஜெபம் பின்னேரத்தோடு தேய்ந்து போவதும் இதனால்தான். அவருடைய ஜெபத்திலும் உங்கள் விசுவாசத்திலும் குறை இல்லை.

கெட்ட வார்த்தையும் அப்படித்தான். எதை உயிராக மதிக்கிறோமோ அதைப் பற்றித்தான் இந்த நோய் பேசும். தூஷணம் சொல்ல விரும்புகிறவர் பின்னறைக்கு ஓடிப்போய் அழமாட்டார்.

இதில் நீங்கள் தனி இல்லை. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 1522 இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் மாதக்கணக்கில் இப்படித் தவித்தார். சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். “மிகத் தெளிவான பாவம் தவிரப் பழையதைச் சொல்லாதே” என்று குருவானவர் கட்டளையிட்டார். இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவான பாவமாகத் தெரிந்தது! பழையதை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று அவர் உறுதி எடுத்த பிறகுதான் அது விட்டது. லத்தீனில் இந்த மனஉறுத்தலுக்கு இருக்கிற சொல்லுக்குக் கூரான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் அகப்பட்ட கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொச்சிக்கடைச் சத்தம் உங்கள் உடம்புக்குள் இன்னும் இருக்கிறது. வேறு ஊரில் வெறும் பிரசங்கமாகக் கேட்கப்படும் “இன்றிரவு”, அந்தத் தெருக்களில் வாழ்கிறவர்களுக்கு வேறு விதமாகக் கேட்கும். வைத்தியரிடம் இதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி அந்த வசனம். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். கத்தோலிக்கர் வாசிக்கும் வேதாகமத்தில் அது “மனம் மாறுங்கள், ஏனெனில் விண்ணரசு நெருங்கி வந்துவிட்டது” என்று இருக்கும். அந்த “ஏனெனில்” எனக்குப் பிடிக்கும். அரசர் கிட்ட வந்துவிட்டார், அதனால் திரும்புங்கள். மாற்கு 1:15 இல் இயேசு அதே செய்தியைச் சொல்லி, “சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்” என்று முடிக்கிறார். சுவிசேஷம் என்றால் நற்செய்தி. நல்ல செய்தி கேட்ட ஒருவர் அதற்காக நித்திரை இல்லாமல் செத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானனிடம் சனங்கள் “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டார்கள். லூக்கா 3 ஐ எடுத்துப் பாருங்கள். இத்தனை தரம் அழுங்கள் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றைக் கொடுக்கட்டும், வரி வசூலிக்கும் ஆயக்காரர் கட்டளையிட்டதற்கு மேல் வாங்க வேண்டாம், போர்ச்சேவகர் சம்பளத்தோடு திருப்தியாக இருக்கட்டும் என்றார். எல்லாம் காசும் துணியும் சம்பந்தப்பட்ட பதில்கள். கடையில் கணக்கு எழுதும் உங்களுக்கு விளங்கும்.

மத்தேயு 5:23, 24 உங்களுக்கே எழுதியது போல் இருக்கிறது. பலிபீடத்தண்டை வந்த பிறகு, சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகு. நீங்கள் அழைப்புக்கு முன்னுக்குப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். போக வேண்டிய இடம் தம்பி.

இதைத் தம்பியிடம் ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். அதற்கு முன் கணவரிடம் சொல்லுங்கள், அவர் வேறிடத்தில் அறிய வேண்டாம். எழுதி வைத்து வாசித்தாலும் பரவாயில்லை: எவ்வளவு எடுத்தேன், எதற்கு எடுத்தேன், பொய் சொன்னேன், மாதம் இவ்வளவு திருப்பித் தருகிறேன். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த 1,80,000 இன் இன்றைய மதிப்பு என்ன, வட்டி எவ்வளவு என்று நோய் உங்களைக் கணக்குப் போட வைக்கும். போடாதீர்கள். தொகையைத் தம்பி சொல்லட்டும். வேதத்தில் வரும் ஆயக்காரர் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தது அவருடைய சந்தோஷம். நீங்கள் மகளின் ரியூஷன் காசை வெட்டி உங்களைத் தண்டித்துக்கொள்ளத் தேவையில்லை.

அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க இனி வழி இல்லை. அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. அம்மா ஏன் “நல்லாத் தெரியுது” என்று சொன்னா என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஆனால் அதற்காக நீங்கள் அழலாம். அது துக்கம். துக்கத்தில் சொற்களை எண்ணி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அழுகை வந்தால் அழுதுவிட்டு எழும்பலாம்.

ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இரவில் ஒரு தரம், நினைவு சிதறினாலும் ஆமென் சொல்லிப் படுங்கள். பயம் ஏறும், திரும்பத் தொடங்காமல் இருந்தால் தானாக இறங்கும். ஓசிடிக்கான பயிற்சியின் மையமே இதுதான், ஆனால் பழகிய ஒருவரோடு படிப்படியாகச் செய்வதுதான் நல்லது. மருந்து தேவைப்பட்டால் பலன் தெரியப் பல வாரங்கள் எடுக்கும், இடையில் விடாதீர்கள். பாஸ்டரிடமும் கணவரிடமும் இந்தப் பதிலைக் காட்டி, இரட்சிப்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநல கிளினிக்குகளில் காசு இல்லாமலே பார்க்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற நினைவு எப்போதாவது வந்தால், விடியும் வரை காத்திருக்காமல் அந்த இலக்கத்தை அழுத்துங்கள்.

தம்பியோடு கதைக்க ஒரு வெள்ளிக்கிழமை பாருங்கள், அங்கே பெரும்பாலும் லீவு. கட்டாரில் காலை 9 மணிக்கு இங்கே 11.30. இரவில் எடுக்க வேண்டாம். அவர் கோபப்பட்டு போனை வைத்துவிட்டால், அன்று திரும்ப எடுக்காதீர்கள், வட்ஸ்அப்பில் மன்னிப்பு எழுதி அனுப்பவும் வேண்டாம். அம்மாவின் கண்ணைப் பற்றி அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார். அவருக்கு நாட்கள் வேண்டும்.