பழைய புரோநோட்டுக்கு வந்த சம்மன்: என் பதில்

2016 ஆகஸ்டில் எழுதிய புரோநோட்டுக்கு இப்போது சம்மன் வந்திருக்கிறது, கோர்ட்டுக்குப் போகாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து போய்விடுங்கள், ஐயா. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு அதை நீக்குவதே தனிப் போராட்டம்.

கேட்டவுடன் பணம் தருவதாக எழுதிய நோட்டுக்கு வழக்குப் போடக் காலவரம்பு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. உங்களுடையது 2019-லேயே முடிந்துவிட்டது. கொரோனாக் காலத்தைக் காலவரம்பில் கணக்கிடாமல் விட்ட விலக்கும் வழக்குப் போட்டவருக்கு உதவாது. ஆனால் முதலில் நோட்டின் நகலை வாங்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 'வட்டி வரவு ரூ.500' என்று 2019 ஆகஸ்டுக்குள் ஒரு தேதியும் உங்கள் கையெழுத்தும் இருந்தால் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடும். அந்தக் கையெழுத்து உங்களுடையது இல்லையென்றால் எதிருரையில் (வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலில்) தெளிவாக மறுத்துவிடுங்கள்.

எதிருரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். சுருக்கமுறை வழக்கென்றால் (விரைவாக முடிக்கும் தனி வகை வழக்கு) 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், சம்மனை நன்றாகப் படியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் நாளைக்கே விசாரியுங்கள்.