கைட் ஹார்னஸ் கேள்வி பதில்: வெயிஸ்ட்டா, சீட்டா?

கே: ராமேஸ்வரத்தில் கைட்சர்ஃபிங் (கைட் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் விளையாட்டு) அடிப்படை வகுப்பு முடித்தேன். கைட்டை உடம்போடு இணைக்க அங்கே சீட் ஹார்னஸ் (தொடையையும் சுற்றி மாட்டுவது) தந்தார்கள். சொந்தமாக வாங்கும்போது வெயிஸ்ட் (இடுப்பை மட்டும் சுற்றுவது) வாங்கலாமா?

ப: பழகும்போது கைட் பெரும்பாலும் தலைக்கு நேர் மேலேதான் நிற்கும், இழுப்பும் மேல்நோக்கியே இருக்கும். வெயிஸ்ட் ஹார்னஸைக் கீழிருந்து பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. அது மெல்ல விலாவுக்கு ஏறும், கைட்டை மாட்டும் கொக்கி நெஞ்சுக்கு வந்துவிடும், மூச்சு முட்டும். சீட்டில் தொடைப் பட்டைகள் இருப்பதால் அப்படி ஏறாது. பலகையில் நின்று ஓடத் தொடங்கிவிட்டால் கைட் தாழ்ந்து பக்கவாட்டில் இழுக்கும். அப்போது வெயிஸ்ட் தன் இடத்தில் நிற்கும், உடம்பைத் திருப்பவும் வசதி. காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிகிறதா? முடிந்தால் வெயிஸ்ட். இல்லையென்றால் இந்தக் கச்சான் காற்றுக் காலம் முடியும்வரை சீட்டிலேயே இருங்கள்.

எதை வாங்கினாலும் முதலில் தொங்கிப் பாருங்கள். உறுதியான உத்திரத்தில் கயிறு கட்டி, கொக்கியில் மாட்டி, முழங்காலை மடக்கி முழு எடையையும் விடுங்கள். பத்து நிமிடம் போகட்டும். விலாவில் குத்துகிறதா, பின்பக்கம் முதுகைவிட்டு விலகுகிறதா என்று தெரிந்துவிடும். கொக்கி பொருத்திய குறுக்குக் கம்பியான ஸ்ப்ரெடர் பாரின் பட்டைகளையும் பாருங்கள். முழுக்க இறுக்கிய பிறகு ஹார்னஸின் இரண்டு முனைகளும் பாருக்குப் பின்னால் ஒன்றையொன்று தொட்டால் அளவு பெரிது. தண்ணீரில் நனைந்ததும் இன்னும் தளரும், அதற்குமேல் இறுக்க இடமிருக்காது.

கே: இடுப்பு 34 அங்குலம். எந்த அளவு வாங்க?

ப: அது பேன்ட் அளவாக இருக்கும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். அப்புறம் தொங்கிப் பாருங்கள்.

கே: கொஞ்சம் தொப்பை உண்டு. எந்த வெயிஸ்ட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

ப: சீட்.

கே: இலங்கையின் கற்பிட்டியில் சீட் போட்டு இறங்கினால் “டயப்பர் கட்டி வந்திருக்கிறான்” என்று சிரிக்கிறார்கள், அண்ணன்.

ப: சிரிக்கட்டும். இழுப்பு தாழ்ந்து வருவதால் காற்று குறைந்த நாளில் பலகையை அழுத்தி நிற்பது எளிது. கீழ்முதுகிலும் பாரம் குறையும்.

கே: (இன்னொருவர்) சீட்டுக்கு ரொம்பத்தான் வக்காலத்து வாங்குகிறீர்கள். அதைப் போட்டு உயரக் குதிப்பவர் யாராவது உண்டா?

ப: குறைவுதான். கொக்கி தாழ்ந்திருப்பதால் உடம்பு இடுப்பில் மடிந்துவிடுகிறது, சுழல்வது கடினம். கைட்டைக் கொக்கியிலிருந்து கழற்றிச் செய்யும் வித்தைகளுக்கும் சரிவராது. தொடை இடுக்கில் தோல் உரியும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதிக்கும்போதும் கைட் தலைக்கு மேலேதானே வருகிறது? உங்கள் வெயிஸ்ட்டும் அப்போது ஏறத்தான் செய்யும். அதனால்தான் குதிப்பவர்கள் மூச்சுவிட முடியாத அளவுக்கு இறுக்குகிறார்கள்.

கே: (அவரே) ஹார்ட்ஷெல் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே இல்லையே?

ப: பொருந்தினால் இல்லை. முதுகு ஓடு கெட்டியாக இருப்பதால் அழுத்தம் பரவுகிறது, பக்கவாட்டில் விலாவை நெரிக்காது. ஆனால் கார்பன் ஓடு உங்கள் முதுகுக்காக வளையாது. விலையும் கூட. பொருந்தாத ஹார்ட்ஷெல்லைவிடப் பொருந்திய சாதா வெயிஸ்ட் மேல். சரி, இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: டிஸ்க் விலகல் உள்ளவர் எதைப் போடலாம்?

ப: டாக்டரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கே: லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் வெயிஸ்ட் போட்டால் வழுக்குகிறது.

ப: நீள ஜாக்கெட் ஆகாது. கைட்டுக்கென்றே குட்டையாக வெட்டிய ஜாக்கெட் கிடைக்கிறது.

கே: லீஷை (கைட்டை நம்மோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிறு) முதுகுப் பக்கம் மாட்டலாமா? பார்க்க நன்றாக இருக்கிறது.

ப: முதுகுப் பக்கம் மாட்டுவது, காற்றில் இருக்கும்போதே, கைட்டை ஓட்டக் கையில் பிடிக்கும் பாரை முதுகுக்குப் பின்னால் கை மாற்றுபவர்களுக்கு. உங்களுக்கு முன்பக்க வளையம். குயிக் ரிலீஸை (அவசரத்தில் கைட்டைக் கொக்கியிலிருந்து விடுவிப்பது) இழுத்த பிறகும் கைட் இழுத்துக்கொண்டே போனால் லீஷையும் கழற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் முதுகைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. கயிறு அறுக்கும் கொக்கிக் கத்தி ஒன்றும் ஹார்னஸ் பையில் இருக்கட்டும், கடலில் வலை கிடக்கிறது.

கே: 36 அங்குலத்துக்கு எந்த அளவு?

ப: 34-க்குச் சொன்னதேதான். மேலே படியுங்கள்.

கே: பழையது வாங்கலாமா?

ப: வாங்கலாம். கொக்கி ஸ்ப்ரெடர் பாரோடு சேரும் இடத்தில் விரிசல், லீஷ் வளையத்தின் தையல், பக்கிள் பட்டையை நழுவவிடுகிறதா என்று பாருங்கள். ஒன்று பழுதென்றாலும் வேண்டாம்.