பேசினால் இது போகுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். என் தங்கைக்கு 26 வயது. பத்து மாதத்துக்கு முன்னால் கோவை பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு நாலைந்து முறை வந்துவிட்டது. இப்போது பஸ் ஏறுவதே இல்லை, வேலையையும் விட்டுவிட்டாள். இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறை இல்லை. மனநல மருத்துவர் பேனிக் டிஸ்ஆர்டர் என்றார். பேச்சு சிகிச்சை எடுக்கலாம், மாத்திரையும் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தங்கைக்கு மாத்திரையில் விருப்பம் இல்லை. அதே சமயம், "பேசினால் இது போகுமா அண்ணா?" என்றும் கேட்கிறாள்.

ஒரு தனியார் மையத்தில் 'பிரெயின் மேப்பிங்' எடுத்தால் பேச்சு சிகிச்சை அவளுக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்கள். 18,000 ரூபாய். வெளிநாட்டில் மூளை ஸ்கேன் வைத்து இதைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு செய்தியையும் காட்டினார்கள். சிகிச்சைக்கு வாரம் 1,200 ஆகும். அவ்வளவும் செலவழித்துப் பலன் இல்லாமல் போனால் அவள் இன்னும் உடைந்துபோவாள் என்றுதான் பயமாக இருக்கிறது. டெஸ்ட் எடுக்கட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

டெஸ்ட் வேண்டாம். அந்த 18,000 ரூபாயைச் சிகிச்சைக்கு எடுத்து வையுங்கள். நீங்கள் சொன்ன ஃபீஸ் கணக்கில் அது பதினைந்து வாரம். பேனிக் டிஸ்ஆர்டருக்கு சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் தேவைப்படும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு சொல்கிறது. டெஸ்டுக்குக் கேட்கும் காசில் ஏறக்குறைய முழு சிகிச்சையே முடிந்துவிடும்.

உங்களுக்குக் காட்டிய செய்திக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2013இல் அமெரிக்காவில் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள், நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கும் சமூகப் பதற்றக் கோளாறு உள்ள 39 பேரைச் சிகிச்சைக்கு முன்பே ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, கோபமான முகங்களின் படங்களைக் காட்டினார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் யாருக்கு மூளையின் பார்வைப் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டனவோ, அவர்களுக்கு சிபிடி நன்றாக வேலை செய்தது. 2015இல் ஜெர்மனியில் உங்கள் தங்கைக்கு இருப்பதைப் போன்ற பேனிக் கோளாறு உள்ள 49 பேரின் ஸ்கேனைக் கணினியிடம் கொடுத்தார்கள். யாருக்குப் பலன் கிடைக்கும் என்று அது 82 சதவீதம் சரியாகச் சொன்னது. இவற்றைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒருவரை மாதக்கணக்கில் அலைய விடாமல் முதல் நாளே சரியான வழியைக் காட்டிவிடலாமே என்று நினைத்தேன்.

ஆனால் அந்த 39, 49 என்ற எண்களைக் கவனியுங்கள். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அவருக்குக் கச்சிதமாகத்தான் இருக்கும். அடுத்த ஆள் போட்டால்தான் தோள் இறங்குவதும் கை குட்டையாவதும் தெரியும். சின்னக் கூட்டத்தை வைத்துக் கணினி கற்றுக்கொள்ளும் சூத்திரமும் அப்படித்தான். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், வேறு ஆட்களிடம் போட்டுப் பார்க்காதவரை அதை நம்பிப் பணம் கட்ட முடியாது. இன்னொன்று, அந்த ஆய்வுகள் நடந்தது, மூளையின் எந்தப் பகுதி எப்போது தூண்டப்படுகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில். பிரெயின் மேப்பிங் என்று நம் ஊர்களில் பெரும்பாலும் எடுப்பது, தலையில் ஒயர்களை ஒட்டி எடுக்கும் இஇஜி. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்கிறார்கள்.

அடுத்த ஆளிடம் போட்டுப் பார்த்தபோது என்ன ஆனது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2012இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தாலியா எலியின் குழு, பதற்றக் கோளாறுக்கு சிபிடி எடுத்த 584 குழந்தைகளின் மரபணுவைப் பார்த்தது. மூளையில் செய்தி கடத்தும் செரடோனின் என்ற ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் குறிப்பிட்ட வகை இருந்த குழந்தைகளில் குணமானவர்களின் விகிதம் 20 சதவீதப் புள்ளிகள் அதிகம். தாலியா எலி அந்த ஒரு ஆய்வோடு நிற்கவில்லை. அவர் குழுவே இன்னும் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகளைத் திரட்டி மறுபடி சோதித்தது. 2016இல் முடிவு வந்தது: அந்தத் தொடர்பு அங்கே தென்படவில்லை. தன் கண்டுபிடிப்பைத் தானே இப்படிச் சோதித்து, இல்லை என்று வெளியே சொன்ன அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இடைப்பட்ட நாலு வருஷத்தில் யாராவது அதை டெஸ்டாக்கி விற்றிருந்தால், எத்தனை பெற்றோர் 'உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராது' என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்கேன் எதுவும் இல்லாமல் வயது, நோயின் கடுமை, கூடவே மனச்சோர்வு இருக்கிறதா என்பது போன்ற சாதாரணத் தகவல்களை வைத்துச் சொல்ல முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2020இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநோயாளிகளை எடுத்துக்கொண்டது. கணினி சரியாகச் சொன்னது 59 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். நோய் கடுமையாக இருப்பவர்கள் சிகிச்சை முடியும்போது மற்றவர்களைவிடச் சற்று அதிகப் பதற்றத்தோடு நிற்பதுண்டு. அதற்காக அவர்கள் இறங்கி வந்த தூரம் குறைவு என்று ஆகிவிடாது.

பதற்றக் கோளாறுகளுக்கு சிபிடி எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சிகிச்சை முடியும்போது தெளிவான பலனைக் காண்கிறார்கள். இதைத் தங்கையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிச்சயம் போய்விடும் என்று சத்தியம் செய்தால், பிறகு போகாவிட்டால் குற்றம் தன்மேல் என்று நினைத்துக்கொள்வாள். உங்கள் பயமும் அதுதானே.

எனக்கும் இது வந்திருக்கிறது. என்னுடையது லிஃப்ட். முதலில் போன ஒருவரிடம் ஆறு வாரம் என் சின்ன வயசைப் பற்றிப் பேசினேன். அந்த அறையில் இதமாக இருக்கும். வெளியே வந்ததும் ஐந்து மாடியும் படியில்தான். இரண்டாவதாகப் போன அம்மா, கையில் ஒரு மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். படியில் ஏறி இறங்கி ஓடச் சொன்னார். லிஃப்டில் வரும் அதே படபடப்பு, அதே தலைசுற்றல். "இதேதானே வருது? இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்புறம் இன்னொரு முறை ஸ்ட்ரா. பயத்துக்கு நூறுக்கு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதச் சொன்னார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் 90, 95, 85. நாலாவது வாரத்தில் 60, 70, 45.

முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார். 'இந்தச் சிகிச்சை உங்களுக்கு உதவும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், பத்துக்கு?' நான் 2ஐ வட்டமிட்டேன். நம்பிக்கையோடு வருபவர்களுக்குப் பலன் கொஞ்சம் கூடுதல் என்பது ஆய்வுகளில் வருவதுதான். அந்த ஒரு எண்ணை வைத்து என்னைச் சலித்துத் தள்ளியிருந்தால், நான் இன்றைக்கும் படிதான் ஏறிக்கொண்டிருப்பேன். உங்கள் தங்கையின் சந்தேகமும் அவளைச் சேர்க்காமல் இருக்க ஒரு காரணம் ஆகாது.

உள்ளே நுழைவதற்கு முன்னால் தெரியாத ஒன்று, நாலைந்து வாரம் போனால் ஓரளவு தெரியத் தொடங்கும். அதுவும் சிகிச்சை தருபவரின் மனக்கணக்கில் தெரியாது, எழுதி வைத்தால்தான் தெரியும். அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட்டின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், 550 பேருக்குச் சிகிச்சை தந்தவர்களிடம் இவர்களில் யார் மோசமாகப் போவார்கள் என்று கேட்டார்கள். மூன்று பேரைத்தான் காட்டினார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த மூன்றில் சரியாக இருந்தது ஒன்று. வாராவாரம் நிரப்பிய கேள்வித்தாளின் எண்களை மட்டும் பார்த்த கணக்கு, அந்த 40 பேரில் பெரும்பாலோரைப் பிடித்துவிட்டது. அக்கறை இல்லாததால் சிகிச்சை தந்தவர்கள் தவறவிடவில்லை. தன்னிடம் வருபவர் தேறிவிடுவார் என்ற ஆசை யாருக்கும் இருக்கும்.

அதனால் சேர்வதற்கு முன் அந்த சைக்காலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்: பேனிக்குக்கு என்ன செய்வீர்கள்? வீட்டில் செய்ய என்ன கொடுப்பீர்கள்? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகப் போகும் பயிற்சி பதிலில் வர வேண்டும். முதல் பயிற்சிகளின்போது படபடப்பு கொஞ்சம் கூடும். அதைப் பார்த்து சிகிச்சையால்தான் மோசமாகிறது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இந்த வாரம் எத்தனை முறை வந்தது, எந்த ஸ்டாப் வரைக்கும் போனாள், பயம் நூறுக்கு எத்தனை. ஐந்தாறு வாரம் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தும் எண்கள் அசையவே இல்லையென்றால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த மருத்துவரிடமே போங்கள். முறையை மாற்றலாம், ஆளை மாற்றலாம், மாத்திரையைச் சேர்க்கலாம். அவள் தோற்றுவிட்டாள் என்று அதற்கு அர்த்தமில்லை என்பதை இப்போதே, ஆரம்பிக்கும் முன்பே, அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நடுவில் பணம் தட்டினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416க்கு அழைக்கலாம், அது அரசின் டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண்.

முதல் நாள் அவளோடு நீங்களும் போங்கள். அடுத்த நாள்களில் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள், திரும்பி வரும்போது ஒரு ஸ்டாப்பாவது அவளே பஸ்ஸில் வரட்டும். எந்த ஸ்டாப் வரை வந்திருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா