பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தில் கருப்புத் தூசி அப்புகிறது, பிரேக் பேடும் சீக்கிரம் தேய்கிறது. தூசி வராத பேடு மாற்றினால் சரியாகுமா?

தூசி வராத பேடு என்று ஒன்று கிடையாது. குறைவாக வருவது உண்டு, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத வெளிறிய நிறத்தில் வருவது உண்டு. கடைக்காரர் உங்களிடம் செராமிக் என்று ஒரு வகைப் பேடைச் சொல்லியிருப்பார். பொய் இல்லை. ஆனால் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கருப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா? "முன்சக்கரத்தில்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். இடதா வலதா என்று இல்லை. நானும் இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டேதான் ஒன்பது மாதம் ஓட்டினேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஆட்டோமொபைல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பதினெட்டு வருஷமாக லோடு அடிக்கிறவன், அவ்வளவுதான். வண்டி பொலிரோ பிக்கப். தயவுசெய்து குட்டியானை என்று சொல்லாதீர்கள், அது வேறு வண்டி. என் மாமியார் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் "மருமவன் குட்டியானை ஓட்டுதாவ" என்றுதான் சொல்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 மழை திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷனுக்குள் வந்தது. என் வண்டி அன்றைக்கு மீனாட்சிபுரத்தில் ஒரு சந்தில் நின்றது. டயர் மூழ்க இரண்டு நாள் தண்ணீர். வடிந்ததும் என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் எல்லாம் மாற்றினேன். செல்ப் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்தோம், சீட்டை மொட்டைமாடியில் போட்டோம். பிரேக்கை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. மிதித்தால் பிடித்தது, அதோடு விட்டோம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும். ரிம்முக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருப்பேன். தினமும் காலையில் ஈரத்துணி. சித்திரை வாக்கில் வலது முன்சக்கரத்தில் மட்டும் அடுப்புக்கரி மாதிரி அப்ப ஆரம்பித்தது. இடது சக்கரம் பளபளவென்று இருந்தது. நான் என்ன நினைத்தேன்? வலது பக்கத்துக்கு மட்டமான பேடு போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இடது சக்கரத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரேக் போட்டால் வண்டி வலது பக்கம் லேசாக இழுத்தது. அலைன்மென்ட் என்று இரண்டு தடவை காசு கொடுத்தேன். வலது பேடு பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரில் தகடு தெரியத் தேய்ந்தது. கழற்றிய பையன் இடது பேடையும் எடுத்துக் காட்டினான், புதுசு போலவே தடியாக இருந்தது. "இது இன்னும் ஓடும்ணே, வலதுக்கு மட்டும் போடுவோம்" என்றான். பாதிக் காசு மிச்சம் என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். பேடு எப்போதும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காசு மிச்சம் என்றால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

2024 ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் களக்காட்டில் ஏத்தன், அதாவது நேந்திரம் வாழைத்தார் ஏற்றினேன், கேரளாவில் புனலூருக்கு. ஓணம் என்றால் அவர்களுக்கு உப்பேரி என்கிற வாழைக்காய் சிப்ஸ் வேண்டும், உப்பேரிக்கு நம் களக்காட்டு ஏத்தன் வேண்டும். சேரன்மகாதேவி, அம்பை, கடையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை. புளியரை எஸ் வளைவில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை. ஆரியங்காவு தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. முன்னால் கேரளா பஸ் ஒன்று நின்று நின்று போகிறது, நானும் மிதித்து மிதித்து விடுகிறேன். முதலில் வாசம் வந்தது. சோளக்கதிர் தீய்ந்தால் வருமே, அதில் கொஞ்சம் ரப்பரும் கலந்தது மாதிரி. முன்னால் போகிற வண்டி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

செகண்டில் போட்டு, பெடலை இரண்டு மூன்று தடவை அடித்து, ஹேண்ட் பிரேக்கையும் பையப் பைய இழுத்து, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் இருக்கிறதே, அதற்கு எதிரில் ஓரங்கட்டினேன். அங்கே எப்போதும் நாலு பேர் பாலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்பார்கள். வலது சக்கரத்தில் வந்த புகையையும் சேர்த்து எடுத்தார்கள்.

ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னால் தடிலாரி ஒன்று நின்றது. அதிலிருந்து ஒரு பெரியவர், கடையநல்லூர்க்காரராம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"ஏ தம்பி, தண்ணிய ஊத்திராத! கொதிக்கிற தட்டுல ஊத்தினா கோணிப் போவும், இல்ல வெடிச்சிரும். அது தானா ஆறட்டும். இந்தப் பக்கத்துச் சோலிய விடு. அந்தப் பக்கம் போய்க் கையக் கிட்ட கொண்டு போய்ப் பாரு."

இடது பக்கம் போய்க் குனிந்து ரிம் ஓட்டை வழியாக விரலைப் பக்கத்தில் கொண்டுபோனேன். சூடே இல்லை. தைரியம் வந்து தொட்டேன். மலை இறங்கி வந்த வண்டியின் பிரேக் தட்டு, கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. செல்போன் லைட்டை அடித்தால், தேய்ந்து கண்ணாடி போல மின்ன வேண்டிய இரும்பில் கருப்பட்டி நிறத்தில் துரு.

"பேடு கடிக்கவே இல்லல்லா. பொறவு தூசி எங்கன இருந்து வரும்? ஒத்தக் கால்ல நொண்டி அடிச்சிக்கிட்டு எறங்கி வந்திருக்கீரு வே" என்றார். தம்பி என்று கூப்பிட்டவர் வே-க்கு மாறிவிட்டார். எனக்கு அதுதான் உறைத்தது.

பிறகு இடது பக்கத்துக் காலிப்பரை, அதாவது பேடைத் தட்டோடு அமுக்கிப் பிடிக்கிற பாகத்தைப் பிரித்தபோது விஷயம் தெரிந்தது. பேடைத் தள்ளுகிற பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. வெள்ளத்தில் உள்ளே போன சேறும் தண்ணீரும் மாதக்கணக்கில் துருவாகி, பிஸ்டன் உள்ளேயே இறுகிவிட்டது. வலது பக்கம் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்து, கரியாகவும் கக்கி, பேடையும் தின்றிருக்கிறது. பெடல் பஞ்சானது பிரேக் ஆயில் கொதித்ததால். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அது 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்குத்தான். நான் அந்த வண்டியில் அதுவரை மாற்றியதே இல்லை. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

தார் மூன்று மணி நேரம் தாமதமாகப் போனதற்கு மண்டியில் வாடகையில் பிடித்தார்கள். காய் ஒன்றுகூடப் பழுக்கவில்லை, அடிபடவும் இல்லை. இருந்தாலும் பிடித்தார்கள். அதைப் பேசினால் இந்தப் பதில் முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கழுவாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் கருத்தால் பயப்பட வேண்டாம், பேடிலிருந்தும் தட்டிலிருந்தும் உதிர்கிற தூள் அது. பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, அதனால் முன்சக்கரம் கருப்பது இயற்கை. பின்னால் டிரம், அதன் தூசி உள்ளேயே கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் கருத்தால் கருத்த பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், வெளுத்த பக்கத்தையும் பாருங்கள். கருத்த பக்கம் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம், இல்லை வெளுத்த பக்கம் வேலையே செய்யாமலிருக்கலாம். ஒரே சக்கரத்தில் உள்பேடு தேய்ந்து வெளிப்பேடு தடியாக இருந்தால், காலிப்பர் வழுக்கி நகர்கிற கைடு பின் இறுகியிருக்கலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் டப்பாவில் இருக்கும் சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிவிடும். பேடு மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள், கீச்சுச் சத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் சமமாகக் கருக்கிறது, ஆனாலும் பேடு நிற்கவில்லை என்றால் நான் ஒன்று கேட்பேன், கோபப்படக் கூடாது. கூடுதல் லோடுக்காகப் பின்னால் கமான் பட்டை, அதாவது சுமை தாங்கும் ஸ்பிரிங் பட்டை கூட்டியிருக்கிறீர்களா? நம் பக்கத்தில் கூட்டாத பிக்கப்பை எண்ணிவிடலாம். பின் அச்சுக்கு மேலே சின்னக் கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி எவ்வளவு அமுங்குகிறதோ அந்த அளவுக்குப் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடுவது அதன் வேலை. பட்டை கூட்டினால் இரண்டரை டன் ஏற்றினாலும் வண்டி அமுங்காது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், மீதியும் முன்னால் வந்து விழும். இதை எந்தப் பட்டறையிலும் சொல்லமாட்டார்கள், பட்டை விற்கிறதே அவர்கள்தானே.

வாட்டர் சர்வீஸ் கொடுத்தால் கடைசியில் அடியில் டீசல் ஸ்ப்ரே அடிப்பார்கள். வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பேடில் எண்ணெய் பட்டால் அந்தப் பேடு போச்சு. தூசியைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதவும் விடாதீர்கள், மூக்குக்கு நேரே பறக்கும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும், அதுவும் சக்கரம் ஆறிய பிறகு. "இத்தனை நாள் ஊதினோம், என்ன ஆச்சு" என்பவர்களுக்கு: ஐரோப்பாவில் 2024-ல் நிறைவேற்றிய யூரோ 7 விதியில் முதல் தடவையாகப் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், பெட்ரோல், டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். புகைக்குப் பார்த்த மாதிரி இதற்கும் பார்க்கிறார்கள். என் மகள் படித்துச் சொன்னது.

அப்புறம் நியூட்ரல். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற ஆளா நீங்கள்? இப்போதைய டீசல் வண்டியில் கியரில் இறங்கி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே என்ஜினுக்கு டீசல் போகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கினால் பேடுக்குப் பாதி வேலை மிச்சம். இதை நான் என் மச்சினனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆடிக் கொடைக்குப் பந்தல் சாமான், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் பாத்திர பண்டம், யாரோ வீடு மாறுகிறார்கள் என்று ஒரு கட்டில் பீரோ. "அத்தான், டீசல் நான் போட்டுக்கிடுதேன்" என்பான். டீசல் மட்டும்தான் அவன் கணக்கில் வண்டிச் செலவு. டயர் தேய்வது, பேடு தேய்வது, கிளட்ச் போவது எல்லாம் சொந்தக்காரன் கணக்கு. பேடுக்குக் காசு கேட்டால் அக்காவிடம் போய், அத்தான் கணக்குப் பார்க்கிறார் என்று சொல்கிறான். அவளும் என்னைத்தான் பார்க்கிறாள்.

தூசி வராத பேடு பற்றிக் கேட்டீர்கள் அல்லவா. செராமிக்கைக் கார் ஓட்டுபவர்கள் போட்டுக்கொள்ளட்டும். மலை ஏறி இறங்கும் லோடு வண்டிக்குக் கம்பெனி என்ன பேடு சொல்லியிருக்கிறதோ அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். சூட்டில் நன்றாகப் பிடிக்கிற பேடு கொஞ்சம் கருக்கத்தான் செய்யும். பில்லோடு வாங்குங்கள், டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது.

இப்போதும் தினமும் துடைக்கிறேன், பழக்கம் விடவில்லை. ஆனால் துணியை நனைப்பதற்கு முன்னால் இடது ரிம்மில் ஒரு விரல், வலது ரிம்மில் ஒரு விரல் இழுத்து, இரண்டு விரலையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். நீங்களும் நாளைக்குக் காலையில் அப்படிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கூடவே பட்டை எத்தனை என்பதையும்.