வாசகர் கேள்வி பதில்: ஏர் ஃபிரையரில் இறைச்சி

கேள்வி: நாசி கண்டார் (சோற்றில் கறிக்குழம்பு ஊற்றித் தரும் மலேசிய உணவு) கடையில் கட்டி வந்த பொரித்த கோழியை மறுநாள் ஏர் ஃபிரையரில் சூடாக்கினால் மேலே கருகுகிறது, எலும்போரம் சில்லென்று இருக்கிறது. சில நாள் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. சூடு எவ்வளவு வைக்க வேண்டும்?
- வாசகி, ஜோர்ஜ்டவுன்

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த தொடையை நேரே 200 டிகிரியில் வைத்தால், எலும்புவரை சூடு இறங்குவதற்குள் தோல் தீய்ந்துவிடும். 160 டிகிரியில் 6 நிமிடம் வையுங்கள். பிறகு திருப்பிப் போட்டு 190-இல் 2, 3 நிமிடம். பெரிய துண்டென்றால் முதல் கட்டத்தில் இன்னும் 2 நிமிடம் கூட்டலாம். இறைச்சி வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எலும்போரம் கீறிப் பாருங்கள், ஆவி பறக்க வேண்டும்.

சொதசொதப்புக்குக் காரணம் குழம்பு. கடையில் கோழிமேல் ஊற்றித்தான் கட்டித் தருகிறார்கள். அதைக் கரண்டியால் வழித்தெடுத்து அடுப்பில் தனியாகக் கொதிக்க வையுங்கள். துண்டுகளை அடுக்கவும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிய பக்கத்தில் காற்று படாது, அங்கே மொறுமொறுப்பு வராது.

வாங்கிய 2 மணி நேரத்துக்குள் கோழி குளிர்ப்பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். நம்மூர் மதிய வெயிலில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. இரவெல்லாம் மேசையில் கிடந்ததை எவ்வளவு சூடாக்கியும் பயனில்லை. சில கிருமிகள் விடும் நஞ்சு சூட்டில் அழியாது.

கேள்வி: ஆட்டுக்கறியை மசாலா தடவி ஏர் ஃபிரையரில் வைத்தேன். அரை மணி நேரமாகியும் ரப்பர் போலத்தான் இருக்கிறது.
- வாசகர், செந்தூல்

பதில்: இன்னும் அரை மணி வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். தொடை, தோள்பட்டைக் கறியில் உள்ள சவ்வு ஈரத்தில் நெடுநேரம் வெந்தால்தான் கரையும். ஏர் ஃபிரையரில் வீசுவதோ உலர்ந்த சூட்டுக் காற்று. இருக்கும் ஈரத்தையும் அது இழுத்துவிடும். ஆகவே அரை கிலோ கறியை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு முதலில் குக்கரில் வேகவையுங்கள். விரலால் அழுத்தினால் பிய்கிற பதம் வரவேண்டும். முக்கால் பதத்தில் இறக்கினால் மீதி ஏர் ஃபிரையரில் வேகாது. வடித்த சாற்றைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்த்தூளையும் மசாலாவையும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் குழைத்துப் பிரட்டுங்கள். வெறும் தூளாகத் தூவினால் காற்றில் பறந்து வீடே இருமும். 180 டிகிரியில் 8 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கினால் போதும். கறிவேப்பிலையைக் கறிக்கு அடியில் செருகுங்கள். மேலே போட்டால் பறந்து, சூடேற்றும் கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும்.

கேள்வி: தோலோடு கோழி வாட்டும்போது புகை வருகிறதே?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உருகிய கொழுப்பு கூடைக்குக் கீழே சொட்டிக் காய்கிறது. கூடைக்கு அடியில் தனித் தட்டுள்ள வகையானால், அதில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி வையுங்கள். போன தடவை வழிந்த கொழுப்பைக் கழுவிவிட்டீர்களா என்றும் பாருங்கள். அடியில் பேக்கிங் தாள் விரிப்பவர்கள், கோழியை மேலே வைக்காமல் வெறும் தாளோடு இயந்திரத்தைச் சூடாக்க வேண்டாம். தாள் மேலெழும்பிக் கம்பிச்சுருளில் பட்டால் தீப்பிடிக்கும்.