மோல் கணக்கில் வரும் 6.022 × 10²³ என்ற எண் எங்கிருந்து வந்தது? அதற்கும் அணுவின் அமைப்புக்கும் என்ன தொடர்பு?

உங்கள் கேள்விக்குள் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. அணுவின் அமைப்பைப் படித்துவிட்டு மோல் கணக்குக்கு வந்தால் இரண்டும் ஒட்டாத பாடங்களாகத் தெரிவது ஏன், அந்தப் பெரிய எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அணு நிறைகளுக்கு அளவுகோலாகக் கார்பன்-12 ஐ, அதாவது ஆறு புரோட்டான்களும் ஆறு நியூட்ரான்களும் கொண்ட கார்பன் அணுவை, மட்டும் எடுத்துக்கொண்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் மேனிலை வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வேதிக் கணக்கீடுகள் முதல் பாடமாகவும் அணு அமைப்பு இரண்டாம் பாடமாகவும் வைக்கப்பட்டிருப்பதே குழப்பத்தில் பாதிக்குக் காரணம் என்பது என் கருத்து. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மோலுக்கு வந்தால், அந்த எண் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாகத் தோன்றாது.

அணுக்கள் எண்ணிக்கைக் கணக்கில்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தால் ஒரு நீர் மூலக்கூறு; ஒரு கால்சியம் அணு இரண்டு எலக்ட்ரான்களைத்தான் விட்டுக்கொடுக்கும், இரண்டரை எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்காது. ஆனால் நம் கையில் இருப்பது தராசு; அது எண்ணாது, எடை மட்டுமே காட்டும். கோயில் உண்டியலைத் திறந்து ஒரே வகை நாணயங்களைத் தனியாகப் பிரித்துக் குவித்தபின், ஒரு நாணயத்தின் எடை தெரிந்திருந்தால் குவியலை நிறுத்தே எத்தனை நாணயங்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? மோல் செய்யும் வேலை அவ்வளவுதான். தராசு காட்டும் கிராமை அணுக்களின் எண்ணிக்கையாக மாற்றித் தருவது அது. 6.022 × 10²³ துகள்கள் கொண்ட குவியலைத்தான் ஒரு மோல் என்கிறோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளின் சுவரிலிருந்தே ஒரு கணக்கைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்பான பூச்சுக்கு அடிப்படை சுண்ணாம்பு. கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ப்பதைப் பலரும் பேசுவார்கள், அதற்கு அடியில் நடக்கும் வேதியியலைப் பேசுவோர் குறைவு. சுண்ணாம்புக் காளவாயில் சுடப்படும் கிளிஞ்சலின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அணு நிறைகளைக் கால்சியத்துக்கு 40, கார்பனுக்கு 12, மூன்று ஆக்சிஜனுக்கு 48 என்று கூட்டினால் அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 100 கிராம். சுடும்போது 44 கிராம் கரியமில வாயு வெளியேறி, 56 கிராம் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. ஆகவே தூய கார்பனேட்டாக 100 கிலோ உள்ளே போனால் வெளியே வருவது 56 கிலோ. எடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தாலும் கால்சியம் அணு ஒன்றுகூடக் குறையவில்லை. போன 44 கிலோ வாயு 1000 மோல். நம் வெயில் காலத்து 35 டிகிரி வெப்பத்தில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு சுமார் 25.3 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதால், பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமுள்ள ஓர் அறையை நிரப்பும் அளவு வாயு அந்த ஒரு நூறு கிலோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அடுத்தது நீற்றுதல். சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றியதும் கட்டி அதை உறிஞ்சிக்கொண்டு சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு விரிசல் விட்டு, உஸ்ஸென்ற ஓசையுடன் ஆவி கிளம்ப, கல்லாக இருந்தது ஊதிப் பெருத்து வெள்ளை மாவாக உதிரும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 18 கிராம் நீரும் சேர்ந்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு ஆவதே அங்கு நடப்பது. ஒரு மோலுக்குச் சுமார் 65 கிலோ ஜூல் வெப்பம் வெளிப்படுவதால், ஒரு கிலோ கட்டி நீறும்போது வரும் வெப்பத்தைக் கொண்டு மூன்று லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். தொட்டியருகே குழந்தைகளை விடாததற்குக் காரணம் இதுதான். 56 கிலோவுக்கு 18 லிட்டர் தண்ணீர் என்பது சமன்பாடு சொல்லும் அளவு. பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும், கலவையும் குழைவாக வேண்டும் என்பதால் வேலையிடத்தில் பன்மடங்கு ஊற்றுவார்கள். சுவரில் பூசியபின் அந்த 74 கிராம் காற்றிலிருந்து மெல்ல மெல்ல 44 கிராம் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, 18 கிராம் நீரை விட்டுவிட்டு, மறுபடியும் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டாகிறது. கிளிஞ்சலில் தொடங்கியது சுவரில் அதே சேர்மமாக வந்து நிற்கிறது. இந்த மூன்று படிகளையும் கிராமில் மட்டும் பார்த்தால் 100, 56, 74, 100 என்று தாறுமாறாகத் தெரியும். மோலில் பார்த்தால் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.

இப்போது அணுவுக்குள் போவோம். 40, 12, 16 என்ற இந்த எண்கள் ஏன் ஏறத்தாழ முழு எண்களாக இருக்கின்றன? அணுவின் நிறை முழுவதும் என்றே சொல்லும் அளவுக்கு அதன் உட்கருவில் இருக்கிறது. புரோட்டானும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே நிறை கொண்டவை. எலக்ட்ரானோ புரோட்டானில் 1836-இல் ஒரு பங்குதான். எனவே அணு நிறை என்பது உட்கருவில் உள்ள துகள்களின் எண்ணிக்கையை ஒட்டியே அமைகிறது. ஒரு புரோட்டானின் நிறை 1.6726 × 10⁻²⁴ கிராம். ஒரு கிராமை இதால் வகுத்துப் பாருங்கள்: 5.98 × 10²³ வரும். நீங்கள் தேடும் எண் ஏறத்தாழ இதுவே. ஒரு கிராம் எடை வருவதற்கு எத்தனை உட்கருத் துகள்கள் வேண்டுமோ அந்த எண்ணிக்கைதான் அவகாட்ரோ எண். ஆறு புரோட்டான்களும் ஆறு நியூட்ரான்களும் கட்டுண்டு கார்பன் உட்கருவாகும்போது நிறையில் சுமார் 0.8 சதவீதம் பிணைப்பு ஆற்றலாக வெளியேறிவிடுவதால், கட்டுண்ட துகள் ஒவ்வொன்றும் தனித் துகளைவிடச் சற்று இலேசாகிறது, 5.98 என்பது 6.022 ஆவதற்கு அதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு செய்தி கிடைக்கிறது. புத்தகங்கள் இதை அழுத்திச் சொல்லாதது எனக்கு எப்போதும் குறையாகவே படும். அணுக்கள் தம்மளவில் 6.022 × 10²³ என்ற எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. அது கிராம் என்ற நம் எடையலகைத் தேர்ந்துகொண்டதால் வந்த எண். வேதியியலாளர்கள் கிராமுக்குப் பதிலாக நம் எட்டு கிராம் பவுனை அலகாக வைத்திருந்தால் அதே எண் 4.818 × 10²⁴ என்று அச்சாகியிருக்கும், கணக்குகள் எல்லாம் அப்படியே சரியாக வந்திருக்கும்.

பவுன் என்றதும் இன்னொன்றும் சொல்லலாம். 22 காரட் நகையில் ஒரு பவுனுக்குச் சுமார் 7.33 கிராம் தங்கம் இருக்கும். தங்கத்தின் உட்கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் சேர்ந்து 197 துகள்கள் உள்ளன. 7.33-ஐ 197-ஆல் வகுத்தால் 0.0372 மோல், அதாவது 2.24 × 10²² தங்க அணுக்கள். ஒரு காரட் வைரம் 0.2 கிராம்தான், ஆனால் அது கார்பன் என்பதால் 12-ஆல் வகுத்தால் 0.0167 மோல், ஏறத்தாழ 1 × 10²² அணுக்கள். தராசில் தங்கம் முப்பத்தாறு மடங்குக்கு மேல் கனம். அணுக்களை எண்ணினால் இரண்டேகால் மடங்குகூட இல்லை. ஒவ்வொரு தங்க அணுவும் ஒரு கார்பன் அணுவைப்போல் பதினாறு மடங்கு கனம் என்பதை நகைப்பெட்டியைத் திறக்காமலே இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு வருகிறேன். இந்த எண்ணுக்குப் பெயர் தந்த இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவுக்கே இந்த எண் தெரியாது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் அவர் சொன்னார். எத்தனை என்று சொல்லவில்லை. 1856-இல் அவர் மறைந்தபின், 1865-இல் லோஷ்மிட் வாயு மூலக்கூறுகளின் அளவை மதிப்பிட்டதிலிருந்துதான் முதன்முதலாக எண்ணிக்கைக்கு ஒரு வழி பிறந்தது. நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள் உயரத்துக்கேற்ப எப்படிப் பரவுகின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்த பெரன், 1909-இல் அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் காரைக்குடிக்காரனாகிய எனக்குப் பிடித்த வழி மின்வேதியியல் வழி. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நாங்கள் சிக்ரி என்போம்; அந்தத் துறைக்கு அடித்தளம் 1830-களில் ஃபாரடே கண்ட விதிகள். வெள்ளி முலாம் பூசும் தொட்டியில் ஒரு மோல் வெள்ளி, அதாவது 107.87 கிராம், படிய 96,485 கூலும் மின்னூட்டம் செல்ல வேண்டும். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால் 3600 கூலும். படிவது சுமார் 4 கிராம். இதில் உள்ள நுட்பம் என்னவென்றால், ஒவ்வொரு வெள்ளி அயனியும் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டுதான் அணுவாகப் படிகிறது. அப்படியானால் 96,485 கூலும் என்பது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம். தனி எலக்ட்ரான் ஒன்றின் மின்னூட்டத்தை மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையால் அளந்து 1913-இல் வெளியிட்டார். இன்றைய மதிப்பு 1.602 × 10⁻¹⁹ கூலும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 6.022 × 10²³ கிடைத்துவிடுகிறது. தராசும் மின்னோட்டமானியும் ஒரு பக்கம், அணுவின் உள்ளே இருக்கும் எலக்ட்ரான் மறுபக்கம். அணு அமைப்பும் மோலும் ஒரே பாடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2019 மே 20 முதல் மோலின் வரையறையே 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிறுவப்பட்டுவிட்டது.

தேர்வுக்குப் படிப்பதால் இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒரு மோல் ஆக்சிஜன் என்று எழுதினால் அணுவா மூலக்கூறா என்று குறிப்பிட்டே தீர வேண்டும். முன்னது 16 கிராம், பின்னது 32 கிராம். இரண்டாவது, 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் 273 கெல்வினிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் மட்டுமே பொருந்தும். ஒரு மோல் தண்ணீர் 18 மில்லி லிட்டர்தான் என்பதை மறந்து அதற்கும் 22.4 போடும் விடைத்தாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன.

கடைசியாகக் கார்பன்-12. முதலில் ஹைட்ரஜனை ஒன்று என்றும், பிறகு ஆக்சிஜனை 16 என்றும் வைத்துத்தான் அணு நிறைகளைக் கணக்கிட்டார்கள். ஆக்சிஜனில் 17, 18 நிறை எண் கொண்ட ஐசோடோப்புகளும் (புரோட்டான் எண்ணிக்கை அதேதான், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறான அணுக்கள்) சிறிதளவு கலந்திருப்பது 1929-இல் தெரியவந்ததும் சிக்கல் தொடங்கியது. இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் 16 என்று வைத்தார்கள். வேதியியலாளர்களோ இயற்கையில் கிடைக்கும் கலவையை 16 என்று வைத்தார்கள். இரண்டு அட்டவணைகளும் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு வேறுபட்டன. குளோரினுக்கு 35.5 என்று வருவதும் 35, 37 என்ற இரு ஐசோடோப்புகளின் கலவையால்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரப்பின் அளவுகோலை மற்றத் தரப்பு ஏற்றால் பழைய மதிப்புகளைப் பெரிதாகத் திருத்த வேண்டியிருக்கும். கார்பன்-12 ஐசோடோப்பைச் சரியாக 12 என்று வைத்தால் வேதியியலாளர்களின் எண்கள் லட்சத்துக்கு நான்கு பங்கு அளவே மாறும், இயற்பியலாளர்களுக்கும் தனியொரு ஐசோடோப்பே அளவுகோலாகக் கிடைக்கும் என்பதால், 1960, 1961 ஆண்டுகளில் இரு தரப்பாரும் அதற்கு இசைந்தார்கள்.